என்ஜினுக்கு மானியம், மூடிக்கு நாமம்!

ஒரு கேள்வி கேட்கிறேன். கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

நூற்றுக்கு நாற்பது ரூபாய் அரசாங்கப் பணம் போட்டு ஒருவருக்கு ஒரு மிஷின் வாங்கித் தருகிறார்கள். அந்த மிஷினை உப்புத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுவது ஒரே ஒரு பாகம். அது உடைந்தால் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்குகிற விலையில் இருக்காது. மிஷின் மொத்தமாகச் செத்துப்போனால் மட்டும் மறுபடியும் மானியத்துக்கு மனு எழுதலாம்! இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எங்கள் பக்கத்தில் இதற்கு "மீனவர் நலன்" என்று பெயர்.

நான் சொல்வது மீன்பிடி படகின் என்ஜின் மூடியைப் பற்றி. "ஏண்டா, எழுத வேற விஷயமே கிடைக்கலையா?" என்று ஹாஸ்டலில் சிரிக்கிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. சிரியுங்கள். செல்போன் வாங்கினால் கண்ணாடி ஒட்டி, ரப்பர் உறை போட்டு, அதற்குப் பிறகுதான் பாக்கெட்டில் வைக்கிற கூட்டம்தானே நாமெல்லாம்? அந்த போன் கடலுக்குப் போகப் போவதில்லை. கடலுக்குப் போகிற மிஷினுக்கு உறை வேண்டாமா என்பதுதான் என் கட்சி.

ஊர் தெரியாதவர்களுக்காக: சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும் வழியில் வருவது மரக்காணம். விழுப்புரம் மாவட்டம். சாலையை ஒட்டி வெள்ளை வெளேரென்று உப்பளம், பக்கிங்காம் கால்வாய், கழுவெளி. இந்தப் பக்கம் கடல், கடலை ஒட்டி வரிசையாகக் குப்பங்கள். காரில் போகிறவர்கள் உப்புக் குவியலோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உப்பு அழகுதான், வேறு யாருடைய என்ஜினாவது அதில் நனைகிற வரைக்கும்.

முதலில் இந்த மூடி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாததால்தான் பாதிப் பேர் அதை "சும்மா ஒரு தொப்பி" என்று நினைக்கிறார்கள்.

இந்தக் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இரண்டு வகை என்ஜின் பார்க்கலாம். ஒன்று லாங் டெயில். காற்றில் குளிரும் சின்ன டீசல் என்ஜின், படகின் பின்பக்கம் ஒரு சுழலும் முளையின் மேல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீளமான தண்டு, தண்டின் நுனியில் விசிறி. இதற்கு மூடி என்று ஒன்று வருவதே இல்லை. வயலில் தண்ணீர் இறைக்கிற என்ஜினைப் போலத் திறந்த மேனியாகத்தான் இருக்கும். இரண்டாவது அவுட்போர்டு மோட்டார். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுவது. இதற்குக் கம்பெனியே ஒரு பிளாஸ்டிக் மேல்மூடி போட்டு அனுப்புகிறது.

அந்த மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே சுற்றி ஒரு ரப்பர் வார் இருக்கும். அலை அடித்தால் தண்ணீர் கசியாமல் இருக்க. பின்பக்கம் மேலே ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். நேராக உள்ளே திறக்காமல் ஒரு தடுப்பைச் சுற்றி வளைந்து திறக்கும். காற்று மட்டும் உள்ளே போகும், தண்ணீர் வடிந்துவிடும். அடியில் பூட்டு. இவ்வளவையும் சேர்த்துத்தான் மூடி. அதற்குக் கீழே வேகமாகச் சுற்றுகிற ஃப்ளைவீல், மின்பொறி கொடுக்கிற இக்னிஷன், கார்பரேட்டர். மூடி இல்லாவிட்டால் இவை உப்பில் நனைவது ஒரு பக்கம். சுற்றுகிற சக்கரத்தில் கையோ, லுங்கியோ, வலை நூலோ மாட்டுவது இன்னொரு பக்கம்.

இப்போது உப்புக்கு வருவோம். நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: "வெயிலில் காய்ந்தால் சரியாகிவிடும்." ஆகாது. மழைக்காலத்தில் அடுப்பங்கரையில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் தண்ணீரில் அது மட்டுமா இருக்கிறது? மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீர் இழுக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் எவ்வளவு வெயில் அடித்தாலும் லேசில் காயாது என்பார்கள். அது மக்னீசியம் செய்கிற வேலை. அதே சமாச்சாரம்தான் அலைச் சிதறலில் ஏறி என்ஜின் மேல் உட்காருகிறது. கடற்கரைக் காற்றில் 33 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் இறங்கும் நாட்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்கள் போதும். ஆக, கரையில் நிற்கிற என்ஜின் வெளிப்பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உண்மையில் ஈரமாகவே இருக்கிறது. துரு ராத்திரி பகல் என்று பார்ப்பதில்லை.

இதனால் என்ன ஆகும்? போல்ட் இறுகும், ஒயர் முனையில் பச்சை பூக்கும், மின்பொறி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. நடுக்கடலில் நின்றால்கூடப் பரவாயில்லை, பக்கத்துப் படகு கயிறு கட்டி இழுத்து வரும். கரைக்கு ஏறும்போது, அலை உடைகிற இடத்தில் நின்றால்? இந்தக் கரையில் பெரும்பாலான குப்பங்களில் துறைமுகம் கிடையாது. மணலில்தான் ஏற வேண்டும். அலை உடையும் இடத்தில் என்ஜின் நின்றால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்க்கும். மூடி என்பது அலங்காரமா உயிரா என்று இனி நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த என்ஜின்கள் இங்கே எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26க்கு முன்னால் இந்தக் கரையில் கட்டுமரம் நிறைய இருந்தது. சுனாமி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. பிறகு நிவாரணம் வந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகும் என்ஜினும் கொடுத்தார்கள். தேவைக்கு மேல் படகு வந்துவிட்டது, அவசரத்தில் கட்டிய படகுகளின் தரம் சரியில்லை என்று அப்போதே பலர் எழுதினார்கள். கொடுத்த மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்ததை யார் பராமரிப்பது, உதிரி பாகம் எங்கே கிடைக்கும், யார் பழுது பார்ப்பார்கள் என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டன. கட்டுமரம் உடைந்தால் அதைக் கட்டியவரே பிரித்துக் கட்டிவிடுவார். என்ஜின் அப்படியில்லை. அது வந்த அன்றைக்கே நாம் இன்னொருவரின் ஸ்டோர் ரூமை நம்ப ஆரம்பித்துவிட்டோம்.

அதன் பிறகு 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்து இந்தப் பகுதியையே தண்ணீரில் மூழ்கடித்தது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கணக்கெடுப்பு நடக்கிறது. படகு உண்டு, வலை உண்டு, என்ஜின் உண்டு. மூடி என்று ஒரு கட்டத்தை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

என் சித்தப்பா கதையை இங்கே சொல்கிறேன். அவருடைய அவுட்போர்டு மோட்டாரின் மேல்மூடிப் பூட்டு உடைந்து, அலையில் மூடி கழன்று போயே போய்விட்டது. நானும் அவரும் ஒரு டீலர் கடைக்குப் போனோம் (எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம்). கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கவர் மட்டும் தனியா வராதுங்க. செட்டாத்தான் வரும். ஆர்டர் போட்டா எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார். "பூட்டு மட்டும்?" என்று கேட்டோம். அதுவும் செட்டோடுதான். விலையைச் சொன்னார். சித்தப்பா ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, இந்தக் காசுக்கு நான் பழைய என்ஜின் ஒண்ணே வாங்கிடுவேனே" என்றார். கவுண்டர்க்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், "அதான் சார் எல்லாரும் பண்றாங்க. புதுசுக்கு மானியம் வருதே, எழுதிப் போடுங்க" என்றார்.

கவனித்தீர்களா? அவர் கெட்டவர் இல்லை, இருக்கிற நிலவரத்தைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரியில் மொத்தத் திட்டத்தின் லட்சணமும் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பூட்டு உடைந்ததற்கு வைத்தியம், மக்கள் வரிப்பணத்தில் ஒரு புது என்ஜின்!

சரி, பணம் இல்லாதவர் என்ன செய்கிறார்? நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துக் கவிழ்க்கிறார். தார்ப்பாய் சுற்றுகிறார். பழைய சிமெண்ட் பை கட்டுகிறார். இதைப் பார்த்து "நம்ம ஆளுங்க மூளையைப் பாரு!" என்று வியந்து போட்டோ போடுகிறவர்கள் ஒரு ரகம். "படிக்காத ஜனங்க, என்ஜினைப் பாழாக்குறாங்க" என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம்.

முதல் ரகத்துக்குச் சொல்கிறேன்: டிரம் வேலை செய்யாது. லாங் டெயில் என்ஜின் காற்றில் குளிர்வது. ஃப்ளைவீல் விசிறி குளிர்ந்த காற்றை இழுத்து சிலிண்டரின் இறகுகள் மேல் அடிக்கிறது; சூடான காற்று மறுபக்கம் வெளியேறுகிறது. ஓடுகிற என்ஜின் மேல் டிரம்மைக் கவிழ்த்தால் வெளியே போன சூட்டுக் காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். என்ஜின் தன் மூச்சையே தான் குடித்து வெந்து போகும். அவுட்போர்டு தண்ணீரில் குளிர்வதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அதற்கும் எரிவதற்குக் காற்று வேண்டும். தார்ப்பாய் இன்னும் மோசம். சூடாக இருக்கும்போதே இறுக்கிச் சுற்றினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபடும். கழுவாத என்ஜினைப் போர்த்தி வைப்பது ஊறுகாய் போடுவதற்குச் சமம்.

இரண்டாவது ரகத்துக்குச் சொல்கிறேன்: சரியான மூடியைக் கிடைக்காமல் செய்துவிட்டு, தப்பான மூடி போட்டவரைத் திட்டுவது என்ன நியாயம்?

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் என்னவென்றால், சரியான மூடி செய்கிற திறமை ஜப்பானில் இல்லை, நம் கரையிலேயே இருக்கிறது. ஃபைபர் படகு கட்டுகிறவர்கள், உடைந்த படகை ஒட்டித் தருகிறவர்கள் இந்தக் கடற்கரை முழுக்க இருக்கிறார்கள். ஒரு முழுப் படகையே அச்சில் வார்க்கிறவருக்கு ஒரு மூடி வார்க்கத் தெரியாதா? இரண்டு மூன்று கிலோ ரெசினில் முடிகிற வேலை.

அதே மாடல் என்ஜின் வைத்திருக்கும் ஒருவரிடம் நல்ல மூடியை ஒரு நாள் இரவல் வாங்க வேண்டும். மெழுகு பூசி, மேலே பிரியும் பூச்சு கொடுத்து, அதன் மேல் ஜெல்கோட், மேட், ரெசின் என்று அடுக்கி அச்சு எடுக்க வேண்டும். அச்சு கிடைத்த பிறகு அதற்குள் அதே வரிசையில் மூடி வார்க்கலாம். 450 கிராம் மேட் மூன்று அடுக்கு வைத்தால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனம் வரும். அசல் மூடியில் இருந்த காற்றுத் துவாரத்தை அளவு குறைக்காமல், வளைந்து போகும் தடுப்போடு வைக்க வேண்டும்; அதை விட்டால் செய்தது வெறும் சட்டிதான். ஃப்ளைவீலுக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். ஓரத்துக்குக் கார் கதவு ரப்பர் போதும். பூட்டும் ஸ்க்ரூவும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். 304 ரகம் கடல் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

லாங் டெயிலுக்கு இரவல் வாங்க மூடியே கிடையாது. அதற்கு மேலும் முன்னும் மறைத்து, விசிறிப் பக்கமும் சூடு வெளியேறும் பக்கமும் தனித்தனியாகத் திறந்திருக்கிற கூண்டு வேண்டும். சைலன்சர் வெளியே நிற்க வேண்டும், சாதாரண பாலியெஸ்டர் ரெசின் அந்தச் சூட்டைத் தாங்காது. மாதிரி உருவத்தைத் தெர்மாகோலில் செதுக்கப் போகிறவர்கள் கவனம்: ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும், மேலே பிளாஸ்டர் பூசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, பூசப் போகும்போதுதான் கேட்டலிஸ்ட்.

இவ்வளவையும் ஏன் சொன்னேன் என்றால், இது ராக்கெட் விஞ்ஞானம் என்று யாரும் கதை விடக்கூடாது என்பதற்காக.

ஆனால் ஒரு மூடிக்காக ஒரு அச்சு எடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. அச்சுக்குத்தான் நேரமும் செலவும். ஒருமுறை நன்றாக எடுத்துவிட்டால் ஒரே அச்சிலிருந்து பத்துப் பத்தாக மூடி உரிக்கலாம். ஆக, தனி ஆளுக்கு முடியாத காரியம் ஒரு குப்பத்துக்கு முடியும். நான்கு குப்பம் சேர்ந்தால் இன்னும் சுலபம். பிரச்சினை தொழில்நுட்பத்தில் இல்லை. அச்சு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

"அப்படியெல்லாம் காப்பி அடிச்சா கம்பெனிக்காரன் கேஸ் போடுவான்" என்று உடனே ஒருவர் கிளம்புவார். போடட்டும், சட்டத்தைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி ஒரு வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் 5. அதோடு சரி. அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தடுப்பது, பதிவான வடிவத்தை விற்பனைக்காகப் பொருளில் போடுவதை. தன் என்ஜினுக்குத் தானே ஒரு மூடி வார்த்துக்கொள்வது விற்பனை இல்லை. விற்கப் போகிறீர்களா? வெளித்தோற்றத்தை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுங்கள், கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். உள்ளே உட்காருகிற அளவும் காற்றுப் போகிற வழியும் இயந்திர வேலை. அதற்கு வடிவமைப்பு உரிமை கிடையாது.

கம்பெனிகள் உதிரி பாகத்தை இறுக்கிப் பிடித்து விளையாடுவதும் புதிதல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் வெளிச் சந்தைக்கு விடவில்லை என்று. அபராதம் மேல்முறையீட்டில் இழுபட்டது தனிக் கதை. ஆனால் "அசல் பாகம் எங்களிடம் மட்டும்தான்" என்பது வியாபார தர்மம் இல்லை, சந்தையை நெரிப்பது என்று ஆணையம் எழுதி வைத்துவிட்டது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை"க்காக ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவி, மொபைல் வகையறா, வீட்டு உபயோகப் பொருள், வாகனம். நல்லது, பாராட்டுவோம். டிராக்டர் இருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது. படகு என்ஜின் எங்கே? நிலத்தில் உழுகிறவருக்கு இருக்கிற உரிமை கடலில் உழைக்கிறவருக்கு ஏன் இல்லை? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2023இல் விவசாயிகளுக்காகச் சட்டமே போட்டார்கள்: டிராக்டர் கம்பெனி உதிரி பாகமும் கருவியும் கையேடும் உரிமையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று. அங்கேயும் விவசாயிகள் சும்மா இருந்து வரவில்லை, சத்தம் போட்டுத்தான் வந்தது.

இனி, வரப்போகும் எதிர்வாதங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"போலி பாகம் போட்டால் வாரண்டி போய்விடும்." பழைய என்ஜின் வாங்கி ஓட்டுகிறவருக்கு ஏது வாரண்டி? வாரண்டி இருக்கிற காலத்தில் கம்பெனியே மூடி கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

"பாதுகாப்பு முக்கியம், தரமில்லாத பாகம் ஆபத்து." ஒத்துக்கொள்கிறேன். பிஸ்டனைக் குடிசையில் வார்க்கச் சொல்லவில்லை. மூடி என்பது சுமை தாங்குகிற பாகம் இல்லை. தவிர, ஆபத்தையும் ஆபத்தையும் ஒப்பிடுங்கள்: சரியாகச் செய்த உள்ளூர் மூடியா, ஃப்ளைவீல் திறந்து சுற்றுகிற மொட்டை என்ஜினா?

"புதுசாக வருகிற என்ஜினெல்லாம் நவீனமானது, இந்தப் பிரச்சினை வராது." இது தலைகீழ் வாதம். புது என்ஜினில் மூடிக்குக் கீழே எலக்ட்ரானிக்ஸ் அதிகம். சர்க்யூட்டில் உப்பு ஏறினால் சுத்தியல் ஸ்பானரால் சரி செய்ய முடியாது. என்ஜின் நவீனமாக நவீனமாக மூடியின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

"மீனவர்கள் ஒழுங்காகக் கழுவி வைத்தாலே போதும்." நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம்தான். ஆனால் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊரில் வந்து, குடிக்க வைத்திருக்கிற தண்ணீரில் தினமும் என்ஜின் கழுவச் சொல்லிப் பாருங்கள். குடம் தூக்குகிற அக்காமார் பதில் சொல்வார்கள்.

முன்னுதாரணம் இல்லாமலும் நான் பேசவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து கரையில் ஏறக்கூடிய ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். அந்த அனுபவத்தைப் பற்றி 1985இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே "ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்". சின்னது கடினம்! எவ்வளவு உண்மை. திருவனந்தபுரத்தில் 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீனவர்களே நடத்துகிற அமைப்பு. அது மீன் விற்பனையோடு நிற்காமல் அவுட்போர்டு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. என்ஜின் வாங்கும் கையில்தான் பழுது பார்க்கும் கையும் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979 முதல் சென்னையில் வைத்து நடத்திய வங்காள விரிகுடாத் திட்டத்திலும், நம் கரையின் அலைக்கு ஏற்றாற்போல என்ஜினையும் தண்டையும் சேர்த்துத் தூக்கக்கூடிய அமைப்பைச் செய்து பார்த்தார்கள். அதாவது, கரையைப் பார்த்து மிஷினை மாற்றலாம் என்று யோசித்தவர்கள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா? புறநானூறு 102ஆம் பாட்டு. ஔவையார் பாடியது. உப்பு வணிகர்களான உமணர்கள் மேடு பள்ளத்தில் பாரவண்டி ஓட்டிப் போகும்போது, அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப்போவார்களாம். சேம அச்சு என்று பெயர். அதியமான் மகனைப் புகழ ஔவைக்கு அதைவிடப் பெரிய உவமை தோன்றவில்லை! ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் உப்பு ஏற்றிப் போனவருக்கு உதிரி பாகத்தின் அருமை தெரிந்திருக்கிறது. இன்று அதே உப்புக் கரைக்கு மானியத் திட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை. வண்டி அச்சு வேறு, வார்க்கிற அச்சு வேறுதான். ஆனால் நமக்கும் இன்று தேவைப்படுவது ஒரு சேம அச்சுதான்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று.

1. மானியத்தில் விற்கப்படும் எந்தப் படகு என்ஜினுக்கும் மூடி, பூட்டு, ரப்பர் வார் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். விலைப் பட்டியலைத் தமிழில் வெளியே ஒட்ட வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரி பாகம் தருவேன் என்று கையெழுத்துப் போடாத கம்பெனிக்கு மானியப் பட்டியலில் இடம் கிடையாது. பணம் கொடுப்பது அரசு. நிபந்தனை போட என்ன தயக்கம்?

2. மீன்வளத் துறை, அதிகம் புழங்குகிற மாடல்களுக்கும் லாங் டெயிலுக்கும் மூடி வரைபடத்தை வெளியிட வேண்டும். மீனவர் கூட்டுறவு சங்கங்களிடம் பொது அச்சு இருக்க வேண்டும். ஒரு புது என்ஜினுக்குக் கொடுக்கிற மானியத்தை அச்சுக்குக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பழைய என்ஜின் பிழைக்கிறது என்று பிறகு எண்ணுங்கள்.

3. பழுது பார்க்கும் உரிமைப் பட்டியலில் படகு என்ஜினையும் சேர்க்க வேண்டும். புயல் சேதக் கணக்கிலும் "மூடி" என்று ஒரு கட்டம் போட வேண்டும். ஒரு கட்டம் போட எத்தனை மில்லி மை செலவாகும்?

கடைசியாக, என்னோடு மெக்கானிக்கல் படிக்கிற புண்ணியவான்களுக்கு. வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று கடையில் காசு கொடுத்து, ரெடிமேடாகச் செய்த "சோலார் புல்வெட்டி"யை வாங்கி வந்து வைக்கிறோம். வைவா முடிந்ததும் அது பரணுக்குப் போகிறது. அதற்குப் பதில் ஒரு வெர்னியர் காலிப்பரையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு குப்பத்துக்கு வாருங்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மாடல் என்ஜினுக்கு அச்சு எடுத்துவிடலாம். வெப்பம் எங்கே தேங்குகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்க தெர்மோமீட்டர் போதும். நாம் மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கிய ஹீட் டிரான்ஸ்ஃபர் எதற்கு ஆகிறது என்று அன்றைக்குத் தெரியும். வார்த்த மூடியைப் போட்டுக்கொண்டு காலையில் ஒரு படகு அலை தாண்டிப் போகும். வைவா எடுக்கிற எக்ஸ்டர்னலைவிட அந்த அலை கண்டிப்பானது; ஆனால் மார்க் சரியாகப் போடும்.

எனக்குத் தெரிந்த ஃபைபர் வேலைக்காரர் ஒருவர் இடமும் கையும் தரத் தயாராக இருக்கிறார். "மேட்டும் ரெசினும் நீங்க வாங்கிட்டு வாங்க தம்பி, கூலி பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார். வருகிறவர்கள் கை தூக்குங்கள். வராதவர்கள் என்னைத் திட்டலாம். ஆனால் திட்டுவதற்கு முன்னால் உங்கள் செல்போன் உறையை ஒருமுறை கழற்றி வைத்துவிட்டுத் திட்டுங்கள்.